பக்கத்துப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் ஒரு காலை

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து எங்கள் ஒன்றிய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. பணி ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் எல்லாரும் இரண்டு வருடத்துக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2010-க்கு முன்னால் வேலைக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு அப்போது அந்தத் தேர்வே கிடையாது. இப்போது வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு பியாஜே, வைகாட்ஸ்கி என்று உளவியல் அறிஞர்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து பகுதி, 150 கேள்வி, மூன்று மணி நேரம்.

நான் படிக்கிறேன். படிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. குழந்தை உளவியலை வடலூர் பயிற்சி நிறுவனத்தில் பத்தொன்பது வயதில் படித்ததற்கும், இத்தனை வருடம் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் படிப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. ஆசிரியர் தொடர்ந்து கற்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கே உட்கார்ந்து, யாரைப் பார்த்துக் கற்பது என்பதை மட்டும் யாரும் பேசக் காணோம்.

பயிற்சிகளுக்குக் குறைவில்லை. நான் வேலைக்கு வந்த சமயம் செயல்வழிக் கற்றல். அட்டையும் ஏணிப்படியுமாக வகுப்பே மாறியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைப்படி பிரித்துச் சொல்லிக் கொடுக்கப் பழகினோம். இடையில் இணையவழிப் பயிற்சி, காணொலி, முன்தேர்வு, பின்தேர்வு. இவற்றில் நல்லது நிறைய உண்டு. எண்ணும் எழுத்தும் பயிற்சியில் கற்ற பாடல்கள் இல்லாமல் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இன்று ஓடாது.

ஆனால் பயிற்சி நடக்கும் அறையில் பிள்ளைகள் இருப்பதில்லை. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் வட்டார வள மையத்துக்குச் சொல்ல, அங்கிருந்து, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையத்தில் எங்களிடம் வந்து சேர்வதற்குள் கையேடு மட்டும் பத்திரமாக வந்துவிடுகிறது. "ஒரு பிள்ளை இப்படித் தப்பாப் போட்டா நான் என்ன கேக்கணும்?" என்று எழுந்து கேட்டால் பதில் சொல்ல நேரம் இருக்காது. அடுத்த தலைப்பு காத்திருக்கும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை; 2025 ஆகஸ்டில் தனக்கென்று ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டது. எந்தக் கொள்கையாக இருந்தாலும் மணியைக் கூட்டிப் போடுவது எளிது. அந்த மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஹெச்.எம்., நான்கும் ஐந்தும் நான். இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அதனால் இன்னொரு பள்ளிக்குப் போய் இன்னொரு டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்ப்பது நடக்காத காரியமாகவே இருந்தது. போன ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் தேருக்குப் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை விட்டார்கள். பக்கத்து ஊரில் பள்ளி உண்டு. அங்கே மூன்றாம் வகுப்பு எடுக்கும் அக்காவிடம் முதல் நாளே கேட்டுவிட்டு, காலை வழிபாட்டுக்கே போய்விட்டேன்.

அன்றைக்குக் கணக்கு, கடன் வாங்கிக் கழித்தல். பலகையில் 52-27 என்று எழுதினார். நாலைந்து பேர் 35 என்று போட்டிருந்தார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் இதே தவறோடு வரும் பிள்ளைகள் எனக்கு ஒவ்வொரு வருடமும் உண்டு. அவர் தப்பு என்று சொல்லவில்லை, சிவப்பு மையும் எடுக்கவில்லை. கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து ஊர் ஊராகக் கூடையில் விற்கும் அம்மாவின் மகள் ஒருத்தி. அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒருத்தங்க உன்கிட்ட 52 ரூபா குடுக்குறாங்க. மீனு 27 ரூபா. மீதி எவ்ளோ தருவ?"

"இருவத்தஞ்சு மிஸ்."

"எப்பிடிச் சொன்ன?"

"முப்பது ஆக மூணு, அம்பது ஆக இருவது, அப்புறம் ரெண்டு."

அவள் சிலேட்டில் 35-க்குப் பக்கத்திலேயே 25-ஐயும் எழுதச் சொன்னார். "ரெண்டும் ஒரே கணக்குதானே? எது சரி?" அதோடு நிறுத்திக்கொண்டார். நானாக இருந்திருந்தால் உடனே விளக்கத் தோன்றியிருக்கும். அவர் காத்திருந்தார். அந்தப் பெண் ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுத்தாள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. ஏழு குச்சி எடுக்க வேண்டும்; உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவளாகவே கழற்றினாள். அதற்கப்புறம்தான் பலகையில் ஐந்தை அடித்து நான்கு ஆக்குவது வந்தது.

மதிய உணவு நேரத்தில் கேட்டேன், ஏன் 52-27? "41-38 போட்டா 17 வரும். அது தப்புன்னு பிள்ளைங்களுக்கே பாத்தவுடனே தெரிஞ்சிரும், அழிச்சிட்டு வேற எதையாவது எழுதிடுவாங்க. இங்க 35-ம் நம்புற மாதிரி இருக்கு, 25-ம் நம்புற மாதிரி இருக்கு. அப்பத்தான் குச்சிகிட்ட போவாங்க." ஒரு எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்குள் இவ்வளவு யோசனை. நான் வாங்கிய எந்தக் கையேட்டிலும் இது இல்லை. அவருக்குமே யாரும் சொல்லித் தந்ததில்லை, பிள்ளைகள் போட்ட கணக்கைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அவர் ஓய்வு பெறும்போது அதுவும் அவரோடு போய்விடும் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கியது.

பிறகு தேடிப் படித்தபோது, பிரேசிலில் ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று கிடைத்தது. 1985-இல் வெளியானது. விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஐந்தே பிள்ளைகளிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் மீன்காரம்மா மகளைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதன் ஒவ்வொரு வரியும் புரிந்தது. டெட்டுக்கு மனப்பாடம் செய்வது போல அதை நான் படிக்கவில்லை.

இப்படி ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்த்துக் கற்பதை ஜப்பானில் ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறார்கள். மதிப்பெண் போடுவதற்காக யாரும் வருவதில்லை. நம் ஊரில் வகுப்புக்குள் இன்னொரு பெரியவர் வந்தாலே ஆய்வு என்றுதான் உடம்பு விறைக்கிறது. எங்கள் குறுவள மையத்தில் பத்துக்கு மேல் பள்ளிகள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு அரை நாள், பக்கத்துப் பள்ளியில் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதியும், அந்த நேரத்துக்கு எங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியர் பயிற்றுநரும் கிடைத்தால் போதும். கட்டடம் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். அந்த அரை நாளைப் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். குறுவள மையக் கூட்டத்தில் இதை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

அது வரும்வரை எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். அடுத்த மாதம் அந்த அக்கா ஒரு சி.எல். போட்டுவிட்டு எங்கள் நான்காம் வகுப்புக்கு வருகிறார். வகுத்தல் எடுக்கப்போகிறேன். 408-ஐ 4-ஆல் வகுத்து 12 என்று எழுதும் பிள்ளைகள், நடுவில் இருக்கும் பூஜ்யத்தைத் தாண்டிப் போய்விடுபவர்கள், வகுப்பில் நான்கு பேர். 408 ரூபாயை நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 12-தானா என்று கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பூஜ்யம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று யோசிக்க வேண்டி வராது. இதற்கு 52-27 மாதிரி ஒரு எண் வேண்டும். நீங்கள் வகுத்தலை எந்தக் கணக்கில் தொடங்குகிறீர்கள், பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதுங்கள். அக்கா வருவதற்கு முந்தின வாரம் வரை எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.