உசிலம்பட்டி கிரீஸும் எட்மன்டன் குளிரும்

என் தாய்மாமாவின் ஜீப் பட்டறை உசிலம்பட்டியில் தேனி ரோட்டில் இருக்கிறது. பள்ளி விடுமுறைக்குப் போனால் வாசலோடு சரி, உள்ளே விடமாட்டார்கள். படிக்கிற பிள்ளை கையில் கிரீஸ் படக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அப்படிப் பொத்தி வளர்த்த பிள்ளைதான் 36 வயதில் கனடாவில் ஒரு கராஜின் சிமெண்ட் தரையில் அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு, மாமாவுக்கு வீடியோ கால் போட்டு, "மாமா, இந்த நட்டை எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டேன்.

எட்மன்டனுக்கு வந்த புதிதில் குடோன் வேலை, அப்புறம் சொந்த வண்டியில் டிரெய்லர் இழுக்கிற வேலை. இங்கே குளிர்காலத்தில் வண்டியை மாட்டைத் தறியில் கட்டுவது மாதிரி கட்டிப்போட வேண்டும். முன் கிரில்லில் ஒரு பிளக் தொங்கும், அதை ராத்திரி கரண்டில் சொருகி வைத்தால்தான் எஞ்சின் சூடு பிடித்துக் காலையில் ஸ்டார்ட் ஆகும். முதல் வாரம் பக்கத்து வீட்டு வாசலில் அதைப் பார்த்துவிட்டு, எல்லோருமே பேட்டரி கார் வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கு போன் போட்டுச் சொன்னவன் நான்.

நான் வாங்கியது பழைய டீசல் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், பின்னால் லாரி மாதிரி ஜோடி டயர். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இரண்டே வருடத்தில் முன் வீல் பேரிங் மூன்று முறை போனது. அது மூடி சீல் வைத்து வருகிற பேரிங், பிரித்துக் கிரீஸ் போட முடியாது, போனால் மொத்தமாகக் கழற்றிப் போட வேண்டியதுதான். கூலி மணிக்கு 150 டாலர். மூன்றாவது பில்லைப் பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த வண்டியில் முன் சக்கரமும் ஆக்ஸில் ஷாஃப்டும் எப்போதும் பிணைந்தே இருக்கும். டூ வீல் டிரைவில் போனாலும் முன் சக்கரம் சுற்றச் சுற்ற ஷாஃப்ட், கிராஸ், கிரவுன், புரொப்பல்லர் ஷாஃப்ட் வரை எல்லாம் சும்மாவே சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் கையால் திருப்புகிற ஹப் லாக் போட்டால் அந்தப் பிணைப்பை வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். புது சங்கதி ஒன்றுமில்லை. போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப்புகளை ரோட்டில் ஓட்டத் தோதாக்குவதற்கு 1948இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் செய்து விற்ற சாமான்தான். அதன் வம்சத்தைத்தான் மாமா போடியிலிருந்து வரும் ஏலத்தோட்ட ஜீப்புகளில் காலமெல்லாம் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"அம்புட்டுப் பெரிய வண்டிக்கு ஹப் லாக் கெடையாதா? என்னடா மாப்ள நாடு அது!" என்றார் மாமா. ஹப் உட்காருகிற ஸ்பிண்டில், இரண்டு டேப்பர் பேரிங், புது ஹப், வெளி ஷாஃப்ட், லாக் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்று விற்கிறது, விலை 2,000 டாலருக்கு மேல் என்றேன். விலையை அவர் கண்டுகொள்ளவே இல்லை. "பிரிச்சுக் கிரீஸ் போடலாம்ல? அப்ப வாங்கு" என்றார்.

வாங்கினேன், தப்பாக. ஒற்றை டயர் வண்டிக்கான கிட்டை ஆர்டர் செய்துவிட்டேன். பெட்டியைத் திறந்து காட்டியதுமே மாமாவுக்குப் பிடிபட்டுவிட்டது. நம்மூர் லாரியைக் கவனித்திருப்பீர்கள், முன் ரிம் வெளியே புடைத்திருக்கும், பின்னால் வெளிச்சக்கரத்தின் ரிம் உள்ளே குழிந்திருக்கும். இரண்டும் ஒரே ரிம்தான், திருப்பி மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஜோடி டயர் பிக்கப்பிலும் அதே கதை. முன்னால் அந்தப் புடைப்பு ரிம் உட்கார ஹப் நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். குட்டை ஹப்பில் மாட்டினால் டயர் உள்ளே போய் ஸ்டியரிங் ராடில் உரசும். திருப்பி அனுப்பி, சரியானது வர மூன்று வாரம்.

பழைய பேரிங்கைக் கழற்றியதுதான் பெரும்பாடு. பனிக்காக ரோட்டில் கொட்டுகிற உப்பில், அதைத் தாங்குகிற நக்கிளோடு சேர்ந்து துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிட்டது. நான்கு போல்ட்டும் இளகிவிட்டன, பேரிங் மட்டும் அசையவில்லை. சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடி என்றார் மாமா. அடித்ததில் என் தோள்தான் கழன்றது. கராஜ் பக்கத்து வீட்டு அண்ணனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருடம் இருக்கும். "தம்பி, இது அடிச்சு வராது" என்றவர், ஒரு போல்ட்டைப் பாதி இளக்கி, அதன் தலைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஒரு சாக்கெட்டை முட்டுக் கொடுத்து, எஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்கை மெல்ல ஒடிக்கச் சொன்னார். பவர் ஸ்டியரிங் தள்ளிய தள்ளில் டொக் என்று ஒரு சத்தம், வெளியே வந்துவிட்டது. போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அவரு யாரு மாப்ள? நல்லா இருக்கட்டும்" என்றார் மாமா.

மாட்டுவது மாமாவின் ராஜ்ஜியம். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகல விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, ரோலர் சந்து வழியாக மறுபக்கம் புழு மாதிரி பிதுங்கி வரும்வரை விடக்கூடாது. ஸ்பிண்டில் நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் கொஞ்சம் பின்வாங்கி, பூட்டு வாஷர், அதன்மேல் வெளி நட்டு. கிட்டோடு வந்த தாளிலும் இதே வரிசைதான், எண்கள் மட்டும் கூடுதல். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சை நான் எடுத்தபோது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டி மாறிவிட்டது. ஸ்டியரிங் இலகுவானது. நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் கிடைத்தது: ஹப் லாக்கைக் கழற்றிவிட்டு, ஃபோர் லோ என்கிற மெதுவான கியரில் போட்டால் இழுப்பு பின் சக்கரத்துக்கு மட்டும்தான், முன்னால் முறுக்கல் கிடையாது, டிரெய்லரை எறும்பு வேகத்தில் ரிவர்ஸ் எடுக்கலாம்.

நவம்பரில் ஒரு சாயங்காலம், மைனஸ் 28. டிரெய்லரோடு ஒரு யார்டில் பனியில் மாட்டிக்கொண்டேன். இறங்கி டிரைவர் பக்க டயலை லாக்கில் திருப்பினேன், முக்கித்தான் திரும்பியது. மறுபக்கம் அசையவே இல்லை. சரி, ஒன்று போட்டாயிற்றே, பாதியாவது இழுக்காதா என்று ஏறி மிதித்தேன். முன் சக்கரம் இரண்டும் சும்மா நின்றன. ராத்திரி எட்டு மணி, உசிலம்பட்டியில் மறுநாள் காலை எட்டரை, மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிட்டுப் போயி இன்னொண்ணத் திருப்புனியா?"

"திரும்பல மாமா."

"அப்பறம் எப்புடி இழுக்கும்? பூட்டாத பக்கம் ஷாஃப்ட் சும்மா சுத்தும், பூட்டுன பக்கம் படுத்துக்கிரும்."

அன்று வேறொரு வண்டிதான் என்னை இழுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி மூடியைக் கழற்றினால், உள்ளே கிரீஸ் உறைந்த கருப்பட்டிப் பாகு மாதிரி கிடக்கிறது. பேரிங்குக்கு அடைத்தது போலவே லாக்குக்குள்ளும் அடை என்று மாமா சொன்னார், நானும் அடைத்திருந்தேன். வேண்டாம் என்று தாளில் எழுதியே இருந்தது. வழித்துத் துடைத்துவிட்டு, விரலால் ஒரு பூச்சு மட்டும் பூசினேன். இப்போது மைனஸ் முப்பதிலும் கையுறையோடு திருப்ப முடிகிறது. அந்த ஹேர் டிரையர் இனி கராஜுக்கே சொந்தம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இந்த ஜனவரியில் ஊருக்குப் போனபோது மாமா நலம் விசாரிக்கும் முன்பே அந்தக் கிரீஸைப் பற்றித்தான் கேட்டார். சொன்னேன், நம்பவில்லை. பட்டறை டின்னிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சம்படத்தில் போட்டு வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தார். மறுநாள் காலை எடுத்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "இம்புட்டுத்தானா? இதுக்கா திரும்பல?" என்றார். உங்கள் ஃப்ரீசர் வெறும் மைனஸ் 18தான் மாமா என்றேன். அவர் சம்படத்தை மறுபடி உள்ளே வைத்து, குமிழை முழுசாகத் திருப்பிவிட்டார். அன்று மதியம் அத்தை மீனை வைக்கத் திறந்திருக்கிறார்கள். தெரு முழுக்கக் கேட்டது.