ஆட்டுத்தொட்டியும் ஹாக்ஸ் மரபணுவும்

ஹாக்ஸ் மரபணுக்கள் என்றால் கருவளர்ச்சிப் பாடத்தோடு முடிந்துபோகிற சங்கதி என்றே பலரும் எண்ணுகிறார்கள். தலை எது, வால் எது என்று கருவுக்கு வகுத்துக் கொடுத்தபின் அவை ஓய்ந்துவிடுவதில்லை. வளர்ந்த எலியிலும் பெண்ணிலும் கருக்குழாயில் ஹாக்ஸ் ஏ9 (சுருக்கமாக ஏ9), கருப்பையில் ஏ10, அதன் கீழ்ப்பகுதியிலும் கருப்பைக் கழுத்திலும் ஏ11, யோனியின் மேற்பகுதியில் ஏ13 என்று வரிசை மாறாமல் இயங்குவதை 1997-இல் காட்டினார்கள். ஏ10 இல்லாத பெண் எலியின் கருப்பையில் கரு நிலைப்பதில்லை. அதே கருவை இயல்பான எலியிடம் மாற்றினால் பிழைத்துக்கொள்கிறது.

முதுநிலை ஆய்வுக்காக இந்த ஏ10-ஐச் செம்மறியில் தேடினேன். ஆய்வகத்தில் மல்லுக்கட்டப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். மல்லுக்கட்டியதெல்லாம் ஆடு அறுக்கும் கூடமான சென்னை புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில்தான்.

ஆய்வுக்காக எந்த ஆட்டையும் கொல்லவில்லை, உணவுக்கு அறுத்ததில் மிஞ்சுவதைத்தான் எடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தபின் அனுமதிக் கடிதம் கிடைத்தது. அதை யாரும் படிக்கவில்லை. "தலை கேட்பார்கள், குடல் கேட்பார்கள், இதை வைத்து என்ன செய்வாய் தம்பி?" என்று சிரித்த அண்ணன்தான், பெட்டை ஆடு வந்தால் கருப்பையைச் சினைப்பையோடு சேர்த்து எடுத்து வைத்தார்.

சினைப்பை இல்லாமல் கருப்பை மட்டும் கிடைத்தால் எனக்குப் பயனில்லை. ஏ10 இயங்கும் அளவு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களையும் பொறுத்தது; ஆடு சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைச் சினைப்பைதான் சொல்லும். சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி புரோஜெஸ்டிரோன் சுரப்பது கார்ப்பஸ் லூட்டியம். பசுவில் அது ஆரஞ்சு மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். செம்மறியில் அது வெளிறிய இளஞ்சிவப்பு, சுண்டுவிரல் நுனியளவு மேடு. குழாய் விளக்கின் கீழே ரத்தத்தைத் துடைத்துவிட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். மேடு இருந்தால் புரோஜெஸ்டிரோன் கட்டம் என்று குறித்துக்கொள்வேன். முட்டை வளரும் நீர் நிறைந்த கொப்புளம் மட்டும் பெரிதாக இருந்தால் வேறு டப்பா.

அதற்குள் கருப்பை கெட ஆரம்பித்துவிடுகிறது. மரபணு இயங்கியதற்குத் தடயம் அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.தான்; அது அவ்வளவு சீக்கிரம் சிதையும். நம் கை வியர்வையிலேயே அதைத் தின்னும் நொதி இருக்கிறது. ஐஸ் பெட்டியை மட்டும் நம்பிப் பயனில்லை. மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆட்டோ எங்கெங்கோ சுற்றும். ஆகவே அங்கேயே கருப்பையின் உட்சுவரை அரை சென்டிமீட்டருக்கும் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ.லேட்டர் கரைசலில், ஐந்து மடங்கு அளவில், போட்டுவிடுவது வழக்கமானது. ஒரு ராத்திரி குளிர்பெட்டியில், பிறகு மைனஸ் 80-இல்.

அதன்பின் நடந்தது சாதாரண ஆய்வக வேலை: ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க டிரைசால், ஒட்டிவரும் டி.என்.ஏ.வை அழிக்க டி.என்.ஏ.ஸ் நொதி, தேடும் மரபணுவின் படியைப் பெருக்கிக் காட்ட பி.சி.ஆர். ஜெல்லில் 28எஸ் ஆர்.என்.ஏ. பட்டை 18எஸ் பட்டையைவிட இருமடங்கு பளிச்சென்று, ஆர்.என்.ஏ. சிதையவில்லை என்பதற்கு அடையாளமாக நின்றபோதே பாதி நிம்மதி வந்துவிட்டது. ஏ10 பட்டையும் எதிர்பார்த்த இடத்தில் வந்தது. டி.என்.ஏ. கலப்படம் காட்டும் கட்டுப்பாட்டு வரிசை வெறுமையாக இருந்ததால் வழிகாட்டியும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு கருக்குழாயில் ஏ9-ஐயும் பார்த்துவிடச் சொல்லிவிட்டார். அந்தக் குழாய் நூல் போல மெல்லியது, கொழுப்போடு பின்னிக் கிடப்பது. தொட்டியின் பெரிய கத்திக்கு அகப்படாது. சிறிய கத்தரிக்கோல் ஒன்றை நானே கொண்டுபோவதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.