பிவிண்டிக் காட்டின் ஓரத்தில்

ஜூலை 14, 2025 – புஹோமா, உகாண்டா

கபாலேயில் ஏறிய வண்டி ருஹிஜா வழியாக வந்து, பொழுது சாயும்போது புஹோமாவில் இறக்கிவிட்டது. குன்றின் உச்சிவரை வாழையும் உருளைக்கிழங்கும் தேயிலையும். ஒரு வளைவு திரும்பியதும் வரப்பு போட்டாற்போல வயல் முடிந்து காடு நிற்கிறது. நடுவில் ஒரு புதர்கூடக் கிடையாது. 1991-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்காமல் விட்டிருந்தால், எஞ்சிய இந்த முந்நூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டரையும் மண்வெட்டி தின்றிருக்கும்.

ஜூலை 15

காலை எட்டு மணிக்கு வழிகாட்டி விதிகளைச் சொன்னார். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான். ஒரு மணி நேரம்தான். முகக்கவசம் கட்டாயம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் வரக்கூடாது. நமக்குச் சாதாரணத் தடுமன், அவற்றுக்கு உயிர்போகும் நோயாகலாம்.

எங்களுக்குக் கிடைத்தது முபாரே குடும்பம். 1993-இல் இங்கே பயணிகள் முதன்முதலில் பார்த்தது இந்தக் குடும்பத்தைத்தான். தடம் பார்ப்பவர்கள் விடியலிலேயே போய், நேற்று கொரில்லாக்கள் படுத்த இலைப்படுக்கைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடர்கிறார்கள். ஒவ்வொரு இரவும் புதுப் படுக்கை போட்டுக்கொள்வதால் தடம் தப்புவதில்லை.

மூன்று மணி நேரம் ஏறினோம். கொடிகள் காலைச் சுற்றின. காஞ்சொறி கையுறையையும் தாண்டிச் சுட்டது. பாதை வெட்டிக்கொண்டு முன்னால் போனவர் சட்டென்று அரிவாளைத் தாழ்த்தினார்.

வெள்ளிமுதுகு ஆண், அதாவது முதுகு முடி வெளுத்த முதிர்ந்த ஆண் கொரில்லா, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தண்டை எடுத்து, பல்லால் நார் உரித்து, உள்சோற்றை மட்டும் தின்றது. அந்த நிதானத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. வழிகாட்டி தொண்டையைச் செருமுவதுபோல ஓர் ஒலி எழுப்பினார்; ‘நாங்கள் தொந்தரவு செய்ய வரவில்லை’ என்பது அதன் பொருளாம். தாயின் முதுகிலிருந்து வழுக்கி விழுந்த குட்டி மறுபடியும் ஏறியது, மறுபடியும் விழுந்தது.

2018-இல் எடுத்த கணக்குப்படி இங்கும், எல்லைக்கு அப்பால் காங்கோவின் சரம்ப்வே காட்டிலுமாக 459 மலைக் கொரில்லாக்கள். அனுமதிச் சீட்டு 800 டாலர். பல மாதச் சேமிப்பு. கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஜூலை 16

இன்று பட்வா மக்களிடம் போனேன். தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து, வேட்டையாடி வாழ்ந்தவர்கள். பூங்கா அறிவித்தபோது வெளியேற்றப்பட்டார்கள். பட்டா என்ற ஒன்று இல்லாததால் பெரும்பாலோருக்கு இழப்பீடும் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2021-இல், உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது.

காட்டுக்கு வெளியே ஒரு சரிவில் பெரியவர் ஒருவர் குச்சியைக் கடைந்து நெருப்பு உண்டாக்கினார், இலைக்குடிசை கட்டும் விதம் காட்டினார். பெண்கள் பாடினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குக் கை எழவில்லை. அவருடைய வீட்டை அவரே, அதன் வாசலுக்கு வெளியே நின்று, எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியைக் குறை சொல்ல மாட்டேன்: இந்த வருமானம் அவர்களுக்கு வேண்டும், பேரப்பிள்ளைகள் இந்தப் பாட்டுகளை இங்கேதான் கற்கிறார்கள். ஆனால் கொரில்லாவைக் காப்பாற்ற இவர்களை வெளியேற்றியே ஆக வேண்டியிருந்தது என்பதை நான் ஏற்கவில்லை. அவர்கள் அத்தனை காலம் உள்ளே இருந்தபோதும் கொரில்லாக்கள் இருந்தன அல்லவா?

வெளியேறியபோது அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அப்பாவைப் புதைத்த இடம் உள்ளேதான் இருக்கிறது என்றார். பிறகு மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டார்: “நேற்று எந்தப் பக்கச் சரிவில் இருந்தன? என்ன தின்றன?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 17

வண்டி வரும் முன்பு மறுபடியும் போய், கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். வெள்ளிமுதுகை விட்டுவிட்டு, அதன் கையில் இருந்த தண்டின்மேல் விரலை வைத்து ஒரு பெயர் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன், தலையசைத்து மறுத்தார். இரண்டாம் முறையும் தவறு. மூன்றாம் முறை சிரித்துவிட்டு, ‘அடுத்தது’ என்பதுபோலப் படத்தைத் தள்ளினார்.