பனங்காட்டு நடுவே ஒரு மிஷனெரிப் பயிற்சி முகாம்

தூத்துக்குடி மாவட்டத்து மெய்ஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுல் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம். பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பனைகளின் தலைக்கு மேலே அதுதான் முதலில் தெரியும், ஊர் அப்புறம்தான். அந்த வட்டாரத்தில் ஒரு பள்ளி வளாகத்தில், கோடை விடுமுறையில் மிஷனெரிப் பயிற்சி முகாம் நடந்தது. வடமாநிலப் பணித்தளங்களுக்குப் போகவிருக்கும் இளந்தம்பதிகள் வந்திருந்தார்கள். சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

காலை நாலே முக்காலுக்குத் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஆளுக்கொரு வேப்பமரத்தடியைத் தேடிப் போய்விடுவார்கள். இருட்டில் அங்கங்கே டார்ச் வெளிச்சமும் வேதப்புத்தகமும்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே எத்தனை தூரம் வேண்டுமானாலும் பயணம் வரலாம். வீட்டில் ஜெபிக்க உட்கார்ந்தால் பால்காரர் வருவார், குக்கர் கத்தும். இங்கே காகம் கரையும் வரை மனம் ஓரிடத்தில் நின்றது. ஆனால் ஐந்தே முக்காலுக்கெல்லாம் ஒலிபெருக்கியில் கீர்த்தனை போட்டுவிடுவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்துத் தெருவில் இரவெல்லாம் உழைத்துவிட்டுப் படுத்திருப்பவர்களும் உண்டு.

பிறகு கூட்டுகிற வேலை, தண்ணீர் இறைக்கிற வேலை, கக்கூஸ் கழுவுகிற வேலை. பட்டியல் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஐயரவர்களின், அதாவது போதகரின், பெயரும் அதில் இருந்தது. காலை உணவு பெரும்பாலும் கருப்பட்டி போட்ட உளுந்தங்கஞ்சி. பகல் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் திரை கட்டிப் படம் காட்டி, புள்ளிவிவரம் வாசித்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும்.

உண்மையான வகுப்பு சமையல்கொட்டகையில் நடந்தது. விடுப்பில் ஊருக்கு வந்திருந்த ஒரு மிஷனெரியின் மனைவி ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. ஆண்களும் மாவு பிசைய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நாசரேத்திலிருந்து வந்த ஒரு பெண் தேய்த்த முதல் ரொட்டி இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. அக்கா அதைத் தூக்கிப் போடவில்லை. விறகடுப்பில் கல்லைக் காயவைத்து, இரண்டு பக்கமும் லேசாக வாட்டி, கல்லை இறக்கிவிட்டுத் தணலிலேயே போட்டார். ரொட்டி உப்பி எழுந்தது. “வடிவம் கிடக்கட்டும் பிள்ளை. ஓரம் தடிமனாக இருந்தால்தான் உப்பாது” என்றார். தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயமும் உப்பும் மிளகாயும் மட்டும். சோறும் குழம்பும் இல்லாமல் ஒரு மாப்பிள்ளைப் பையன் தவித்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்பும்போது, உங்கள் முன் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். பிரசங்கிக்கச் சொல்லும் வசனங்களை நாம் மனப்பாடமாகச் சொல்லுவோம். இதை யாரும் சட்டம் போட்டு மாட்டி நான் பார்த்ததில்லை. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுவது கொடுப்பதைவிடக் கஷ்டம். கையில் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்தே பழகிய சபைகளுக்கு இன்னும் கஷ்டம்.

சனிக்கிழமை எல்லோரையும் வேனில் ஏற்றி வெள்ளாளன்விளைக்குக் கூட்டிப் போனார்கள். பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் பிறந்த ஊர். ஆலயத்தில் முழங்காலில் நின்றபோது, இந்தச் சின்ன ஊரிலிருந்தா என்ற நினைப்புத்தான் ஓடியது. 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டி நம் கரையில் ஊழியம் நடத்துவதை அறிந்து, திருநெல்வேலி சபை சும்மா இருக்கிறதே என்று வெட்கப்பட்டார். மறு வருடமே இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல் அதன் பணித்தளமானது. 1909இல் அவரே அங்கே குடிபோய்விட்டார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஊழியர்களின் மனைவிமாரையும் சேர்த்தே அங்கே பயிற்றுவித்தார். எங்கள் முகாமில் பெண்களைப் பின்பெஞ்சில் உட்காரவைத்த வகுப்புகளை நினைத்துக்கொண்டேன்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியதை ஐயர் ஆலயத்திலேயே எடுத்துச் சொன்னார். வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில், நீங்கள் எங்களோடு சமமாகப் பழகுவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டாராம். “இப்போது அனுப்புகிறவர்கள் நாம். அந்தப் பேச்சு நமக்கும்தான்” என்று ஐயர் முடித்தார். அதற்கு மேல் அவர் விளக்காததே நல்லது.

திரும்பும் வழியில் முதலூர். 1799இல், ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக உண்டான குடியிருப்பு. தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் பெயர் அந்த வரலாற்றோடு சேர்ந்தே வரும். இப்போது வெளியூர்க்காரர்களுக்கு முதலூர் என்றால் மஸ்கோத் அல்வாதான். தேங்காய்ப்பால் எண்ணெயாகப் பிரிந்து வரும் வரை கிளறுவார்கள். ஆலயத்துக்குள் ஐந்து நிமிடமும் கடையில் அரை மணி நேரமும் இருந்தோம். பக்தியின் அளவு அவ்வளவுதான்.

கடைசி நாள் இராப்போஜன ஆராதனைக்குப் பின் பணித்தளங்களை வாசித்தார்கள். நாசரேத்துப் பெண்ணுக்கும் கணவருக்கும் குஜராத். வழியனுப்ப வந்திருந்த அவளுடைய தாயார் நேராக அக்காவிடம் போய், பிள்ளைக்குப் புளியும் சாம்பார்ப்பொடியும் எத்தனை மாதத்துக்குக் கட்டிக் கொடுக்கலாம் என்று விசாரித்தார்.

“ஒரு மாதத்துக்குக் கொடுங்கள் மதினி, போதும்” என்றார் அக்கா. “அதற்குள் பக்கத்து வீட்டில் கேட்டுச் சாப்பிடப் பழகிவிடுவாள்.”