சலுகை வாங்குவது வேறு, விதியை மாற்றுவது வேறு: சட்டம் படிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு

தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கிவிட்டால் அந்த மாணவரின் சிக்கல் அந்த செமஸ்டருக்குத் தீர்ந்தது. அடுத்த ஆண்டு வருகிறவர் திரும்பவும் முதலிலிருந்து அலைய வேண்டும். சட்டம் படிக்கும் மாற்றுத்திறனாளிகளின் தலைமை என்று நான் நினைப்பது இந்த அலைச்சலை ஒழிப்பதைத்தான்: ஒருவருக்குக் கிடைத்ததை எல்லோருக்குமான விதியாக எழுத வைப்பது. மேடை, விருது, பாராட்டு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஒரு மனுவில் தொடங்குகிறது. பலர் மனுவில் நோயின் பெயரை எழுதிவிட்டு, ‘ஆவன செய்யவும்’ என்று முடித்துவிடுகிறார்கள். நிர்வாகத்துக்கு அதிலிருந்து ஒன்றும் புரியாது. எந்த வேலை முடியவில்லை, அதற்கு என்ன ஏற்பாடு போதும் என்று எழுதுங்கள். ‘அச்சிட்ட பத்தியை வாசிக்க எனக்கு ஒன்றரை மடங்கு நேரமாகிறது. ஆகவே மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கரை மணி நேரம் வேண்டும், வினாத்தாள் கணினியில் வேண்டும்’ என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் வேண்டிய தேதியையும் குறிப்பிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி அதே மனுவிலேயே கேட்டுவிடுங்கள். நேரில் பேசி ‘பார்த்துக்கலாம்’ என்று அனுப்பிவிட்டார்களா? அன்று மாலையே ‘இன்று பேசியபடி இவையெல்லாம் செய்து தருவதாகச் சொன்னீர்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும். வாய்வார்த்தை டீன் மாறினால் கூடவே போய்விடும்.

தேர்வில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. அவை சின்னச் சின்னத் தவறுகள் என்பதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தனி அறையில் எழுதுகிறவருக்கு, பெரிய ஹாலில் ‘நான்காம் கேள்வியில் ஒரு திருத்தம்’ என்று அறிவித்தது போய்ச் சேராது. ஒரே நாளில் இரண்டு தேர்வு வைத்தால், முதல் தேர்வின் கூடுதல் நேரம் சாப்பாட்டு இடைவேளையைத் தின்றுவிடும். விடைத்தாளில் பெயர் இல்லாமல்தான் திருத்துகிறார்கள், ஆனால் தனி அறைத் தாள்களைத் தனிக் கட்டாகக் கட்டி அனுப்பினால் அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஸ்கிரைப், அதாவது நாம் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர், வைத்து எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் படித்தவர் ஸ்கிரைப்பாக வரக் கூடாது என்று விதி வைத்தால், வருகிறவருக்கு வழக்குகளின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். கூடுதலாகக் கிடைத்த நேரத்தில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும். தேர்வுக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து ஒரு முழு விடையைச் சொல்லி எழுதிப் பழக அனுமதி கேளுங்கள்.

பாடப் பொருளுக்கு வருவோம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர் அதைத் திறந்தால் ஒரு வார்த்தைகூட வாசிக்காது. ஓசிஆர் செய்தால், அதாவது படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றினால், சரியாகிவிடும் என்பார்கள், ஆனால் சட்டப் புத்தகத்துக்கு அது மட்டும் போதாது. 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறைவாக ஸ்கேன் செய்தால் எழுத்துகள் குழம்பும். பிரிவைக் குறிக்கும் சுருள் குறியை (§) எட்டு என்றோ ஆங்கில ‘எஸ்’ என்றோ எடுத்துக்கொள்ளும், அப்புறம் பிரிவு 12 என்பது 812 ஆகிவிடும். அடிக்குறிப்பு வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். பக்கத்தை இடது, வலது என இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து அச்சிட்ட தீர்ப்புத் தொகுப்பில் இடது வரியையும் வலது வரியையும் சேர்த்து வாசித்தால் வாதியும் பிரதிவாதியும் இடம் மாறிப் பேசுவார்கள். ஆகவே ஆசிரியரிடம் ‘அணுகத்தக்க கோப்பு’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தலைப்புகளுக்கு ஹெட்டிங் ஸ்டைல் போட்ட வேர்டு கோப்பு வேண்டும் என்று கேளுங்கள். என்விடிஏ போன்ற இலவச ஸ்க்ரீன் ரீடரில் ‘ஹெச்’ விசையைத் தட்டித் தட்டியே அறுபது பக்கத் தீர்ப்பில் வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம்.

இதையே விதியாக்க நல்ல நேரம், தீர்ப்புகளையும் புத்தகங்களையும் தரும் தரவுத்தளத்துக்கான ஒப்பந்தத்தை நூலகம் புதுப்பிக்கும் நேரம். பணம் கைமாறிய பிறகு விற்பனையாளர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். அதனால் ‘மாற்றுத்திறனாளிகள் குழு’வில் ஒரு நாற்காலி கிடைப்பதைவிடக் கொள்முதல் குழுவிலும் தேர்வுக் குழுவிலும் இடம் கேட்பது பயன் தரும். முதலாவது பெரும்பாலும் புகைப்படத்துக்கு மட்டும்தான் கூடும்.

மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றப் போட்டியான மூட் கோர்ட்டில் வேறு கணக்கு. சைகை மொழிபெயர்ப்பாளர் நீதிபதியின் கேள்வியைக் கேட்டு, கையில் கொண்டுவரச் சில நொடிகள் ஆகும். கடிகாரம் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். மொழிபெயர்க்கும் நேரத்தில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்று போட்டி விதியிலேயே எழுத வைக்க வேண்டும். நீண்ட அமர்வு என்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும், ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றிக்கொள்வார்கள். ஒருவரே இழுத்துக்கொண்டு போனால் களைப்பில் பிழை வரும். வசனவரி போடுபவர்களுக்கு வழக்குப் பெயர்களையும் லத்தீன் சொற்களையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், தானியங்கி வசனவரி இவற்றைக் கொத்துப் பரோட்டா போட்டுவிடும். பார்வையற்ற மாணவர் ஒரு காதில் இயர்போன் மாட்டித் தன் குறிப்பைக் கேட்டுக்கொண்டே வாதாடுவதுண்டு. நடுவர்களுக்கு முன்பே சொல்லாவிட்டால் வெளியிலிருந்து யாரோ சொல்லித் தருகிறார்கள் என்று சந்தேகம் வரும்.

சட்டம் யார் பக்கம் இருக்கிறது? 2006இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில், நியாயமான வசதியை, அதாவது ஒருவரின் தேவைக்கேற்ற ஏற்பாட்டை, மறுப்பதும் பாகுபாடுதான் என்று 2ஆம் உறுப்பு சொல்கிறது. உறுப்பு 4(3)ஐப் பலர் கவனிப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளை அரசு எடுக்கும்போது அவர்களுடைய அமைப்புகளைக் கலந்து பேச வேண்டும் என்கிறது அது. அரசுக்கு விதித்த கடமை கல்லூரியை நேரடியாகக் கட்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனாலும் மாணவர் அமைப்பு தொடங்க இதைவிட நல்ல வாதம் கிடையாது.

வழக்குகளும் இருக்கின்றன. இந்தியாவில் எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவருக்கு, மத்திய அரசுப் பணித் தேர்வு நடத்தும் யுபிஎஸ்சி ஸ்கிரைப் மறுத்தது. குறைந்தது 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும் என்ற வரம்பைக் காட்டி அந்த வசதியை மறுக்க முடியாது என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டில், கூடுதல் நேரம் வாங்கியவர்களின் மதிப்பெண்ணில் அதைக் குறிப்பிட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பிவந்தார்கள். 2014 உடன்பாட்டில் அந்த வழக்கத்தைக் கைவிட்டு 77.3 லட்சம் டாலர் கொடுக்கவும் தேர்வு நடத்தும் அமைப்பு ஒப்புக்கொண்டது. 2013இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் பட்டம் பெற்ற ஹாபன் கிர்மா, பார்வையும் செவித்திறனும் அற்றவர்களில் அங்கே முதலில் பட்டம் பெற்றவர். பின்னால் ஸ்க்ரிப்ட் என்ற மின்னூல் தளத்தின் மீதான வழக்கில் பார்வையற்றோர் தரப்பில் இருந்தார். கோப்பு திறக்காமல் தவிப்பது என்னவென்று அறிந்த வழக்கறிஞர் அந்த வழக்கில் இருந்தது தற்செயல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எடுத்த எடுப்பில் நீதிமன்றம் போக வேண்டாம். தேர்வு அடுத்த மாதம் என்றால் இடைக்கால உத்தரவு கிடைக்காத வழக்கால் அந்த மாணவருக்குப் பயனில்லை. கல்லூரிக்குள்ளேயே முறையீட்டைச் செய்து முடித்த தாள்கள்தான் பின்னால் வழக்கைத் தாங்கும்.

மாணவர் அமைப்பு நடத்துவது பற்றிச் சில விஷயங்கள். உறுப்பினராக ஊனச் சான்றிதழ் கேட்காதீர்கள். மனநலச் சிக்கல், வலிப்பு, நாள்பட்ட வலி உள்ளவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். தலைவர் பொறுப்பை இருவருக்குக் கொடுங்கள், ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் கூட்டம் நிற்கக் கூடாது. புகார்களைத் தொகுக்கும்போது தேதி, கேட்டது, பதில், விளைவு என்ற நான்கு கட்டம் போதும். பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வகுப்பில் சக்கர நாற்காலியில் வருபவர் ஒரே ஒருவர் என்றால் ‘சக்கர நாற்காலி மாணவர்’ என்பதே அவர் பெயர்தான். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

இறுதியாண்டுக்காரர்கள் கிளம்பும் முன் ஒரு கோப்பு விட்டுச் செல்ல வேண்டும்: எந்தக் கோரிக்கைக்கு யார் எந்தத் தேதியில் என்ன பதில் தந்தார், எந்த வார்த்தையில் கேட்டபோது வேலை நடந்தது என்று. சொந்த ஒப்புதல் கடிதங்களைத் தனியே பத்திரப்படுத்துங்கள். அமெரிக்கா போன்ற இடங்களில் வழக்கறிஞர் தகுதித் தேர்வில் வசதி கேட்டால், படிக்கும்போது என்ன வசதி பெற்றீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பது வழக்கம். ஆசிரியர் நல்ல மனசோடு வாய்மொழியாகக் கொடுத்த அரை மணி நேரத்தை அங்கே காட்ட முடியாது.