ஃபிராங்கெலின் தூரம் எது?

இங்கிலாந்துப் பந்தயக் குதிரை ஃபிராங்கெல் பேச்சை எடுத்தாலே எங்கள் சித்தப்பாவிடம் தீர்ப்பு தயாராக இருக்கும். “அவன் மைல் குதிரைடா. அம்மா யாரு? கைண்ட். அவ ஜெயிச்சதெல்லாம் குறுந்தூரம். அவளோட அப்பா டேன்ஹில். அவனும் ஆறு பர்லாங்ல பேர் வாங்கினவன். அப்புறம் என்ன ஆராய்ச்சி?” குதிரை மைதானத்துக்கு வருமுன்பே வம்சாவளியைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிற ரகம் அவர். மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கும் அவர் பக்கம்தான். 2010 முதல் 2012 வரை ஃபிராங்கெல் ஓடியது 14 ரேஸ், பதினான்கிலும் வெற்றி. அதில் மூன்று ஏழு பர்லாங், ஒன்பது ஒரு மைல் (எட்டு பர்லாங்), கடைசி இரண்டு மட்டும் பத்து பர்லாங்கை ஒட்டியவை. ஒன்பது முறை மைலில் ஜெயித்தவனை மைல் குதிரை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஆனால் ஒரு குதிரையை எந்தத் தூரத்தில் அதிகம் ஓட விட்டார்கள் என்பது ஒரு கேள்வி. எந்தத் தூரத்தில் அதன் திறமை சிந்தாமல் சிதறாமல் வெளியே வந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு என் பதில் பத்து பர்லாங். அதற்கு நான் கூப்பிடும் சாட்சி ஃபிராங்கெல் இல்லை, அவனிடம் தோற்ற ஃபர்ஹ். அவனிடம் பிறகு வருகிறேன்.

முதலில் லெங்த் விஷயம். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம். எத்தனை லெங்த்தில் ஜெயித்தான் என்பதை வைத்தே பாதிப்பேர் ஒரு குதிரையின் ஃபார்மை எடை போடுகிறார்கள். ஹேண்டிகேப் போடுகிறவர்கள், அதாவது திறமைக்கேற்ப ஒவ்வொரு குதிரையும் சுமக்க வேண்டிய எடையைக் குறிப்பவர்கள், அந்த லெங்த்தைப் பவுண்டாக மாற்றித்தான் பார்ப்பார்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பொதுவாக ஐந்து பர்லாங்கில் ஒரு லெங்த்துக்கு 3 பவுண்டு, மைலில் ஏறத்தாழ 2, பத்து பர்லாங்கில் ஒன்றே முக்கால், பன்னிரண்டில் ஒன்றரை. அதே அளவு திறமை வித்தியாசம் நீண்ட ஓட்டத்தில் அதிக இடைவெளியாக விரிந்துவிடும். அதனால்தான் தூரம் கூடக்கூட லெங்த்தின் மதிப்பு இறங்குகிறது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் மைலில் வந்த ஆறு லெங்த்தையும் பன்னிரண்டில் வந்த ஆறு லெங்த்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது வீண் பேச்சு.

மாற்றிவிட்டாலும் போதாது. அந்த லெங்த் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 2011 ஏப்ரல் 30, நியூமார்க்கெட்டில் 2000 கினீஸ் என்ற ஒரு மைல் ரேஸ். கேட் திறந்ததும் ஜாக்கி டாம் குவீலி அவனை அவன் போக்கில் விட்டுவிட்டார். பாதித் தூரத்தில் மற்றவர்கள் பத்துப் பதினைந்து லெங்த் பின்னால். முடிவில் ஆறு லெங்த். பார்த்தவர்களுக்குப் புல்லரித்தது, எனக்கும்தான். ஆனால் நிதானமாகத் திரும்பப் பார்த்தால் கடைசி இரண்டு பர்லாங்கில் அவன் வேகம் இறங்கிக்கொண்டே வருவது தெரியும். சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே முக்கால்வாசியைச் செலவழித்துவிட்டு மீதி மாதத்தை ஓட்டுகிற மாதிரியான ஓட்டம் அது. அவனிடம் சம்பளம் பெரிது, அதனால் கடன் வாங்க வேண்டி வரவில்லை.

அடுத்தது அஸ்கட்டில் செயின்ட் ஜேம்ஸஸ் பேலஸ் ஸ்டேக்ஸ். வெற்றி வெறும் முக்கால் லெங்த்தில். “பார்த்தியா, மைலே அவனுக்கு இழுக்குது” என்று அப்போது பலர் சொன்னார்கள். இழுக்கவில்லை. பாதி ஓட்டம் மிச்சம் இருக்கும்போதே வேகம் பிடித்துக் கொடுக்கும் பேஸ்மேக்கர் குதிரையைத் தாண்டிப் போய், வளைவில் பல லெங்த் முன்னால் நின்றவன், கடைசியில் களைத்துப்போனான். ஸோஃபனி பின்னாலிருந்து நெருங்கி வந்தான், அவ்வளவுதான். முன்பாதியை அவ்வளவு வேகமாக ஓடிய எந்தக் குதிரையும் பின்பாதியில் களைக்கும். களைத்தும் ஜெயித்தான் என்பதை நான் தாழ்த்தி மதிப்பிட மாட்டேன். அந்த முக்கால் லெங்த், கேன்ஃபோர்டு கிளிஃப்ஸை அதே வருடம் சசெக்ஸ் ஸ்டேக்ஸில் ஐந்து லெங்த்தில் அடித்ததைவிட அதிகம் சொல்கிறது என்றுகூட எனக்குத் தோன்றும். கேன்ஃபோர்டு கிளிஃப்ஸ் அன்று நேராகவே ஓடவில்லை. அதுதான் அவன் கடைசி ரேஸ். பிறகு காலில் கோளாறு தெரியவந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எதிராளி சரியாக ஓடாத நாளில் வந்த லெங்த்துக்கு என்ன மதிப்பு?

வேகத்தைப் பிரித்துச் செலவழிப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் 1973 கென்டக்கி டெர்பியில் செக்ரட்டேரியட் ஓடியதைப் பாருங்கள். பத்து பர்லாங்கை இரண்டு இரண்டு பர்லாங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றையும் முந்தியதைவிட வேகமாக ஓடியிருக்கிறான். முதல் கால் மைல் 25 நொடிக்குச் சற்று மேல், கடைசிக் கால் மைல் 23. அவனையும் ரேஸுக்கு முன்னால் “அப்பா போல்ட் ரூலர், தூரம் தாங்காது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வாரம் கழித்து பன்னிரண்டு பர்லாங் பெல்மான்ட்டை 31 லெங்த்தில் ஜெயித்தான். சித்தப்பா போன்றவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஃபிராங்கெல் மூன்று வயதில் பத்து பர்லாங்குக்குப் போகாததற்கு மூச்சு காரணம் என்று நான் நினைக்கவில்லை. குணம்தான் காரணம். கடிவாளத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிற குதிரை, ஜாக்கியோடு மல்லுக்கட்டியே சக்தியைத் தொலைத்துவிடும். அப்படிப்பட்டவனுக்கு வேகமாகப் போகிற மைல் ரேஸ்தான் பாதுகாப்பு. பயிற்சியாளர் ஹென்றி செசிலும் அவருடைய ஆட்களும் அவனுக்கு அடங்கி ஓடக் கற்றுக்கொடுக்கவே நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் வேகம் பிடித்துக் கொடுக்க அவனுடைய அண்ணன் புல்லட் ட்ரெயினையே பேஸ்மேக்கராகப் போட்டார்கள். தாய் ஒன்றுதான், அப்பா வேறு. நான்கு வயதில் பார்த்த ஃபிராங்கெல் கிட்டத்தட்ட வேறு குதிரை.

எவ்வளவு வேறு? இதற்கு ஒரு அளவுகோல் கிடைத்தது: எக்ஸலெப்ரேஷன். அதே வயது, ஃபிராங்கெலோடு ஐந்து முறை மோதி ஐந்து முறையும் தோற்றவன், மற்றபடி முதல் தரமான மைல் குதிரை. 2011 அக்டோபரில் அஸ்கட்டில் நான்கு லெங்த். 2012 மே மாதம் லாக்கிஞ் ஸ்டேக்ஸில் ஐந்து. ஜூனில் குவீன் ஆன் ஸ்டேக்ஸில் பதினொன்று! குதிரைகளுக்கு மதிப்பெண் போடும் டைம்ஃபார்ம் நிறுவனம் ஃபிராங்கெலுக்குக் கொடுத்த 147 அவர்கள் வரலாற்றிலேயே மேலானது. அதுவரை உச்சியில் இருந்த ஸீ பேர்டு 145. குவீன் ஆனைத்தான் எல்லோரும் அவனுடைய உச்சம் என்கிறார்கள்.

எனக்கு அந்தப் பதினொன்றில் ஒரு சந்தேகம் உண்டு. எக்ஸலெப்ரேஷனை ஒட்டியே மூன்றாவதாக வந்தவன் சைட் கிளான்ஸ். அவன் அப்போது எக்ஸலெப்ரேஷன் அருகில் வரக்கூடிய குதிரையே இல்லை. அப்படியென்றால் எக்ஸலெப்ரேஷன் அன்று தன் ஃபார்மில் ஓடவில்லை, அல்லது ஃபிராங்கெலைத் துரத்திப் பார்த்து மூச்சு வாங்கிப்போனான். இரண்டில் எதுவானாலும் பதினொன்று லெங்த்தை அப்படியே பவுண்டாக்கக் கூடாது. அதே எக்ஸலெப்ரேஷன், ஃபிராங்கெல் இல்லாத 2012 அக்டோபர் ரேஸில் மூன்று லெங்த்தில் சுலபமாக ஜெயித்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது ஃபர்ஹ். 2012 ஆகஸ்ட் 1, குட்வுட், சசெக்ஸ் ஸ்டேக்ஸ், ஒரு மைல். ஃபிராங்கெல் முதல், ஃபர்ஹ் இரண்டாவது, இடைவெளி ஆறு லெங்த். மூன்றே வாரம் கழித்து ஆகஸ்ட் 22, யார்க்கில் ஜட்மான்ட் இன்டர்நேஷனல், பத்து பர்லாங் 88 கஜம், அதாவது ஏறக்குறைய 2,090 மீட்டர். ஃபிராங்கெல் முதல், ஃபர்ஹ் இரண்டாவது, இடைவெளி ஏழு லெங்த். இருவருக்கும் ஒரே வயது, அதனால் வயதுக்கான எடைச் சலுகை என்ற குழப்பமும் இல்லை. மைலில் ஆறு லெங்த்தை இரண்டால் பெருக்கினால் 12 பவுண்டு. பத்தில் ஏழு லெங்த்தை ஒன்றே முக்காலால் பெருக்கினால் பன்னிரண்டேகால். அதே குதிரைகள், அதே மாதம், அதே விடை.

ஃபர்ஹுக்கு ஒரு தூரம் பிடித்து இன்னொன்று பிடிக்காமல் இருந்தால் இந்தக் கணக்கு கோணியிருக்கும். அதற்கும் பதில் இருக்கிறது. அடுத்த வருடம் அவன் ஜெயித்தவை இரண்டே ரேஸ்: லாக்கிஞ், ஒரு மைல், சாம்பியன் ஸ்டேக்ஸ், பத்து பர்லாங். இரண்டும் குரூப் 1, அதாவது உச்சத் தர ரேஸ். இவ்வளவு நேர்மையான தராசு ரேஸ் உலகத்தில் லேசில் கிடைக்காது.

ஆக, எண்களின்படி மைலும் பத்தும் சமம். பிறகு ஏன் நான் பத்து என்கிறேன்? யார்க்கில் அவன் ஓடிய விதத்துக்காக. ஆரம்பத்தில் எல்லோருக்கும் பின்னால் போய் அமைதியாகக் கிடந்தான். முந்தைய வருடம் கற்பனைகூடச் செய்ய முடியாத காட்சி. நேர்ப்பாதைக்கு வந்ததும் வெளிப்பக்கமாக ஒவ்வொருவராகத் தாண்டி வருகிறான். மூன்று பர்லாங் மிச்சம் இருக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி ஜாக்கிகளின் கைகளை மட்டும் பாருங்கள். மற்றவர்களின் முழங்கை போய்வந்துகொண்டிருக்கிறது, ஒருவர் சவுக்கை எடுத்துவிட்டார். குவீலியின் கை கழுத்தோரத்தில் அசையவே இல்லை. அப்படி நின்ற கையோடு, குதிரையிடம் கொஞ்சமும் வேகம் கேட்காமல், பன்னிரண்டு பர்லாங்கில் பெயர் வாங்கிய செயின்ட் நிக்கலஸ் ஆபியைக் கடந்து போகிறான். கேட்ட பிறகுதான் ஏழு லெங்த். மைல் ரேஸ்களில் அவன் பிறரின் மூச்சை வாங்கினான். யார்க்கில் தன் மூச்சைச் சேமித்து வைத்திருந்தான். நோயில் மெலிந்திருந்த செசில் அன்று மைதானத்துக்கு வந்திருந்தார். அடுத்த ஜூனில் அவர் இல்லை.

கடைசி ரேஸான அக்டோபர் 20 சாம்பியன் ஸ்டேக்ஸை இந்த வழக்கில் எதிர்த்தரப்பு எப்போதும் எடுத்து நீட்டும். சிரஸ் டெஸ் எகிளை ஒன்றே முக்கால் லெங்த்தில்தான் ஜெயித்தான், அதாவது மூன்று பவுண்டு. ஆனால் அன்று தரை ஊறிப்போயிருந்தது. ஈரத்தில்தான் அந்த பிரெஞ்சுக் குதிரைக்குக் கொண்டாட்டம். ஃபிராங்கெல் கேட்டிலிருந்தே தாமதமாக வெளியே வந்து சில லெங்த்தை இழந்தான். தரை மாறினால் தூரமும் மாறிவிடும்: சேற்றில் பத்து பர்லாங் என்பது காய்ந்த தரையில் அதைவிட நீண்ட ஓட்டத்துக்குச் சமம். மூன்றாவதாக வந்தவன் நத்தானியேல். 2010-இல் ஃபிராங்கெல் முதன்முதலில் ஓடியபோது அரை லெங்த்தில் தோற்றவனும் அவன்தான். நடுவில் பன்னிரண்டு பர்லாங் கிங் ஜார்ஜை ஜெயித்தவன். பன்னிரண்டின் சாம்பியனைச் சேற்றில் பின்னால் விட்டவனுக்கு மூச்சுக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

வம்சாவளியையும் விட்டுவிடவில்லை. அப்பா கலிலியோ, பன்னிரண்டு பர்லாங் ஓட்டமான டெர்பியை 2001-இல் ஜெயித்தவன். கைண்டோடு நின்றுவிடாமல் இன்னொரு படி மேலே போனால் பாட்டி ரெயின்போ லேக். அவள் பன்னிரண்டு பர்லாங் லங்காஷயர் ஓக்ஸ் ஜெயித்தவள். உடன்பிறந்த தம்பி நோபிள் மிஷன் 2014-இல் அதே சாம்பியன் ஸ்டேக்ஸை ஜெயித்தான். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதைப் பொறுத்து குதிரை குறுந்தூரமா நெடுந்தூரமா என்று ஓரளவு ஊகிக்கலாம் என 2010-இல் டப்ளின் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நடுத்தர வகைக்கு அவர்கள் சொன்ன எல்லையே 1,400-லிருந்து 2,400 மீட்டர்வரை விரிகிறது. குணமும் தரையும் அதற்குள்தான் விளையாடுகின்றன. அப்புறம் ஃபிராங்கெலின் குட்டிகள் ஜெயித்த நெடுந்தூர ரேஸ்கள்: அடையார் டெர்பி, லாஜிஷியனும் ஹரிகேன் லேனும் செயின்ட் லெஜர், அல்பினிஸ்டா பாரிஸ் லாங்ஷாம்பில் ஆர்க். இதைச் சொன்னபோது சித்தப்பா அசரவில்லை. “அதெல்லாம் அந்தக் குட்டிகளோட அம்மாக்கள் கொடுத்த மூச்சு” என்றார். அதில் நியாயம் இருக்கிறது. அந்த ஒரு வாதத்தை மட்டும் நான் இப்போது எடுப்பதில்லை.

பன்னிரண்டு பர்லாங் ஓடியிருப்பானா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான்கு வயதில், நல்ல தரையில், நிதானமான வேகத்தில் ஓடியிருப்பான், பெரும்பாலானவர்களை ஜெயித்தும் இருப்பான். ஆனால் அங்கே பன்னிரண்டு பவுண்டு வித்தியாசம் நின்றிருக்காது. அவனுடைய ஆயுதம் பர்லாங்குக்குப் பதினொரு நொடி போகக்கூடிய அந்தத் திடீர் வேகம். அதைப் பன்னிரண்டு பர்லாங் முழுக்க உறையிலேயே வைத்திருக்க நேர்ந்தால் சிரஸ் டெஸ் எகிள் போன்ற ஒரு முரட்டுக் குதிரைக்கு, குறிப்பாக ஈரத் தரையில், ஒரு வாய்ப்பு உண்டு. 2012 ஆர்க் அன்றும் லாங்ஷாம்ப் தரை ஈரம்தான். அங்கே கூட்டிக்கொண்டு போகாமல் இருந்தது சரி என்றே நினைக்கிறேன்.