ஆற்றங்கரையில் ஒரு ஷெரீஃப்
சாம் பெக்கின்பாவின் 'பாட் காரெட் அண்ட் பில்லி த கிட்' (1973) படத்தை மறுபடியும் பார்த்தேன். பழைய கூட்டாளி பில்லியையே வேட்டையாடக் கிளம்பும் ஷெரீஃப் காரெட்டாக ஜேம்ஸ் கோபர்ன். வயதாகிறது, இனியாவது நிம்மதியாக இருக்கலாம் என்று சட்டத்தின் பக்கம் சாய்ந்தவர். பில்லியை நெருங்க நெருங்க அவருக்குத்தான் கால் எழவில்லை.

அப்புறம் அந்த ஆற்றங்கரை! வயிற்றில் குண்டு பாய்ந்த இன்னொரு ஷெரீஃப், கிழவர் பேக்கர், தண்ணீரைப் பார்த்துத் தள்ளாடி நடக்கிறார். மனைவியாக வரும் கேட்டி ஹுராடோ சற்றுத் தள்ளி இருந்து கண்ணீரோடு பார்க்கிறார். பின்னணியில் பாப் டிலானின் இசை. ஒரு துப்பாக்கிச் சண்டைக்குள் இவ்வளவு துக்கத்தை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பில்லியைச் சுட்ட கையோடு கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையும் சுடுகிறார் காரெட்.

ஸ்டுடியோ வெட்டிய 106 நிமிடப் பிரதி வேண்டாம். 1988-ல் வெளிவந்த நீளமான பதிப்பைத் தேடிப் பாருங்கள்.